பொருந்தாத வால்வு: காவேரிப்பட்டணம் – கிருஷ்ணகிரி சாலையில் நேர்ந்த ஒரு சைக்கிள் பஞ்சர் குறித்த நிகழ்வு ஆய்வு

மாங்காய் லாரிகள் வரிசைகட்டி ஓடும் ஜூன் மாதத்தின் ஒரு வேலைநாள் காலையில், காவேரிப்பட்டணத்திலிருந்து கிருஷ்ணகிரிக்குத் தினமும் சைக்கிளில் வேலைக்குச் செல்லும் ஒருவர், தேசிய நெடுஞ்சாலை 44-இல், கிருஷ்ணகிரி அணைக்குப் பிரியும் சாலைக்குச் சற்று முன்பாகப் பின்சக்கரம் பஞ்சராகி நின்றுவிட்டார். அவரிடம் மாற்று டியூப் இருந்தது, பஞ்சர் ஒட்டும் பெட்டி இருந்தது, சிறிய கைப்பம்பும் இருந்தது. இவற்றில் பம்பைத் தவிர வேறு எதுவும் அன்றைக்கு அவருக்கு உதவவில்லை. அலுவலகத்தில் தொலைபேசியில் கேட்டு வாங்கிய ஒரு மணி நேர பெர்மிஷன், கடைசியில் அரை நாள் விடுப்பாக முடிந்தது.

யாருக்கும் காயமில்லை, சைக்கிளுக்கும் பெரிய சேதமில்லை. ஒன்றும் எடுத்துக்கொள்ளாமல் கிளம்பி வழியில் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றி ஆராய்வதற்கு எதுவும் இல்லை. எல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்பியவர் எப்படி மாட்டிக்கொண்டார் என்பதுதான் விசாரிக்கத் தக்கது என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன். சைக்கிளைப் பிற்பாடு பிரித்துப் பார்த்தவன் என்ற முறையிலும், அவரிடமும் பஞ்சர் ஒட்டிக்கொடுத்த பெரியவரிடமும் கேட்டறிந்தவற்றின் அடிப்படையிலும் எழுதப்பட்டது இது. அவர் விரும்பியபடி பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

சைக்கிளும் அதன் பின்சக்கரமும்

அது நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டக்கூடிய, நேர் ஹேண்டில்பார் கொண்ட கியர் சைக்கிள். டயரின் பக்கவாட்டில் 700×35சி என்றும், அதற்குக் கீழே சிறிய எழுத்தில் 37-622 என்றும் அச்சிடப்பட்டிருக்கிறது. இரண்டாவதாக உள்ள எண்ணே நம்பத்தக்கது. அதன் முதல் பகுதி டயரின் அகலத்தையும், அடுத்த பகுதி டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டத்தையும் மில்லிமீட்டரில் சொல்கின்றன. ஐ.எஸ்.ஓ. 5775 என்ற பன்னாட்டுத் தரநிலை வகுத்த முறை இது. ‘28 அங்குலம்’ என்று பொதுவாக அழைக்கப்படும் சக்கரங்களில் 622-உம் உண்டு, நம்மூர்ப் பழைய கறுப்புச் சைக்கிளின் 635-உம் உண்டு. ‘26 அங்குலம்’ என்ற பெயருக்குள் 559, 590, 597 என்று குறைந்தது 3 வெவ்வேறு விட்டங்கள் ஒளிந்திருக்கின்றன. கடைக்காரரிடம் அங்குலத்தைச் சொல்லி டயர் வாங்கினால் வீட்டுக்குப் போய்த்தான் உண்மை தெரியும்.

வாங்கியபோது இந்தச் சைக்கிளின் இரண்டு சக்கரங்களிலும் ஷ்ரேடர் வால்வு கொண்ட டியூப்களே இருந்தன. மோட்டார் சைக்கிள், கார் டயர்களில் இருக்கும் அதே தடித்த வால்வுதான் அது. அதன் தண்டு ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் தடிமன் உடையது, ரிம்மில் அதற்காக இடப்படும் துளை ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர். சைக்கிளோடு சேர்த்து வாங்கிய மாற்று டியூபும் அதே வகையே. அட்டைப்பெட்டியைக்கூடப் பிரிக்காமல் சீட்டுக்கு அடியில் மாட்டும் சிறு பையில் அதை வைத்திருந்தார்.

நிகழ்வுக்குச் சில மாதங்களுக்கு முன்பு, இரவில் கவனிக்காத ஒரு பள்ளத்தில் இறங்கியதில் பின்சக்கரத்தின் ரிம் நசுங்கியது. கோட்டம் எடுத்துப் பார்த்தும் சரிவராததால், சக்கரத்தை ஓசூரில் ஒரு கடையில் கொடுத்துப் புது ரிம் போட்டு ஸ்போக் கம்பிகளைக் கோத்து வாங்கினார். விட்டம் அதே 622, கம்பித் துளைகளின் எண்ணிக்கையும் அதேதான். ஆனால் அந்தப் புது ரிம் பிரெஸ்டா வால்வுக்காகத் துளையிடப்பட்டது. பிரெஸ்டா மெலிந்த வால்வு. தண்டு 6 மில்லிமீட்டர், துளை ஏறத்தாழ 6.5. கடைக்காரர் அதற்கேற்ற டியூபைப் போட்டு, நுனியிலுள்ள சிறு திருகைத் தளர்த்திவிட்டுத்தான் காற்றடிக்க வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்து அனுப்பினார். ரசீதில் ‘700 டியூப் – 1’ என்று மட்டும் இருந்தது. வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சக்கரம் இன்றுவரை கோட்டமில்லாமல் சுற்றுகிறது.

அன்றிலிருந்து சைக்கிளின் முன்சக்கரம் ஒரு வால்வும் பின்சக்கரம் இன்னொரு வால்வுமாக ஓடத் தொடங்கியது. அவர் வாரந்தோறும் காற்றடிக்கும்போது பம்பின் தலையை முன்சக்கரத்துக்கு ஒருவிதமாகவும் பின்சக்கரத்துக்கு ஒருவிதமாகவும் மாற்றிப் பொருத்தி வந்திருக்கிறார். வேறுபாடு அவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்த அந்தச் செய்தி பையில் இருந்த டியூபோடு சேர்த்து எண்ணிப் பார்க்கப்படவில்லை, அவ்வளவுதான்.

சாலையோரத்தில்

காவேரிப்பட்டணத்தைத் தாண்டி, பெண்ணையாற்றுப் பாலமும் கடந்து, வண்டி நெடுஞ்சாலையின் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்தபோது பின்பக்கம் மெதுவாகத் தழைவது போலத் தோன்றியதாகச் சொல்கிறார். டயர் வெடிக்கவில்லை, காற்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது. ரிம் தரையில் இடிக்கத் தொடங்குவதற்குள் இறங்கி, வண்டியைச் சாலையிலிருந்து நன்றாக விலக்கி, ஒரு புளியமரத்து நிழலுக்குத் தள்ளிக்கொண்டு போனார். இது சரியான முடிவு. காற்றில்லாத டயரில் கால் கிலோமீட்டர் மிதித்தாலும் டியூப் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவில் அரைபட்டு ஒட்டவே முடியாதபடி கிழிந்துவிடும். அன்றைக்கு அந்த டியூபை ஒட்ட முடிந்ததே அவர் உடனே இறங்கியதால்தான்.

பின்சக்கரத்தைக் கழற்றுவது அவருக்குப் பழக்கமான வேலை. சங்கிலியைச் சிறிய பல்சக்கரத்துக்குக் கொண்டுவந்து, லீவரைத் தளர்த்தி, சக்கரத்தை இறக்கி, டயரின் ஒரு விளிம்பை நெம்பி டியூபை உருவி எடுத்துவிட்டார். பின்பு அட்டைப்பெட்டியைப் பிரித்தார். அதன் மேல் 700×35/43சி என்று இருந்தது, டயரில் இருந்த 700×35சி அதற்குள் அடங்கும். டியூபுக்குக் கொஞ்சம் காற்றடித்து உருண்டை வரச் செய்து, வால்வை ரிம்மின் துளைக்குள் நுழைக்கப் பார்த்தபோது அது நுழையவில்லை.

துளையைச் சுற்றி ரிம் டேப் (டியூபை ரிம் உறுத்தாமல் இருக்கச் சுற்றும் பட்டை) மடிந்திருக்கலாம் என்று முதலில் நினைத்து டேப்பை விலக்கிப் பார்த்திருக்கிறார். பிறகு வால்வைத் திருகித் திருகி அழுத்திப் பார்த்திருக்கிறார். அந்த டியூபை நானும் பார்த்தேன். வால்வுத் தண்டின் மரையில், நுனியிலிருந்து ஓரிரு மரை ஆழத்துக்கு அலுமினியத் தூள் வெள்ளையாக ஒட்டியிருந்தது. அதற்கு மேல் போக வழியில்லை. ஒன்றரை மில்லிமீட்டர் வித்தியாசம் கையின் பலத்துக்கு இளகிக்கொடுக்காது.

அடுத்து பஞ்சர் பெட்டி. உப்புத்தாள் இருந்தது, வட்ட ஒட்டுகள் இருந்தன, விரல் நீளச் சொல்யூஷன் டியூப் ஒன்றும் இருந்தது. மூடியைத் திருகியபோது உள்ளே ஒன்றும் இல்லை. அழுத்தினால் காற்றுக்கூட வரவில்லை. ஒரு தடவை திறந்து பயன்படுத்திய சொல்யூஷன், மூடியை எவ்வளவு இறுக்கி வைத்தாலும், சில மாதங்களில் அதிலுள்ள கரைப்பான் ஆவியாகி உலர்ந்துபோகும். நாள் முழுக்க வெயிலில் நிறுத்தப்படும் சைக்கிளின் சீட்டுப் பையில் அது இன்னும் விரைவாக உலரும். திறக்காத டியூப் ஆண்டுக்கணக்கில் தாங்கும். திறந்ததா திறக்காததா என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாததே இதில் உள்ள சிக்கல்.

பாதை வழியே சென்ற ஷேர் ஆட்டோக்களில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். டவுன் பஸ்ஸின் மேல் இப்போது கேரியர் கிடையாது. ஆலைக்கு மாங்காய் இறக்கிவிட்டுக் காலி கூடைகளோடு வந்த, ‘குட்டி யானை’ எனப்படும் சிறிய சரக்கு வண்டி ஒன்று நின்றது. அதன் ஓட்டுநர், கிருஷ்ணகிரி வரை போகவில்லை என்றும், பிரிவுச் சாலையில் உள்ள சிற்றூர்க் கடைத்தெரு வரை ஏற்றிக்கொண்டு போவதாகவும் சொல்லி, கூடைகளுக்கு மேலேயே சைக்கிளைப் படுக்கவைத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

கடையில்

அங்கே ஒரு பழைய சைக்கிள் கடை இருந்தது. கிராமங்களில் இத்தகைய கடைகள் குறைந்துவிட்டன. இருக்கும் கடைகளையும் பெருமளவு வாழவைப்பவை பள்ளி மாணவர்களின் சைக்கிள்கள்தான். அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் 11ஆம் வகுப்பில் தரப்படும் விலையில்லா மிதிவண்டிகள் ஒவ்வோர் ஆண்டும் ஊருக்குள் வந்து சேர்கின்றன. அவற்றுக்குத் தேவையான டியூப், டயர், பிரேக் கட்டை, வால் டியூப் ஆகியவற்றைத்தான் கடைக்காரர் வாங்கி வைக்கிறார். அவரைக் குறை கூற இடமில்லை, அங்கே ஓடுவது அந்தச் சைக்கிள்களே.

கடைக்காரப் பெரியவர் டியூபையும் சக்கரத்தையும் பார்த்துவிட்டு, கொக்கியில் தொங்கிய 28×1½ டியூப் ஒன்றை எடுத்து வந்தார். இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 635 விட்டத்துக்கான அந்த டியூபை 622 சக்கரத்தில் போடுவதில் தவறில்லை. டயரைப் பொறுத்தவரை ஒரு மில்லிமீட்டர்கூட விட்டுக்கொடுக்க முடியாது. டியூபோ ரப்பர் பை என்பதால் 13 மில்லிமீட்டர் விட்ட வேறுபாட்டை மடிப்பு விழாமல் ஏற்றுக்கொள்ளும். அளவு சரியாகத்தான் இருந்தது. அதன் வால்வோ நம் ஊர்ச் சைக்கிள்களுக்கே உரிய வூட்ஸ் வால்வு, டன்லப் வால்வு என்றும் சொல்வார்கள். அதன் தண்டும் அடிப்பகுதியில் ஷ்ரேடரின் தடிமனே உடையது. பெரியவர் வால்வைத் துளையில் வைத்துப் பார்த்துவிட்டு, “தம்பி, இந்த ஓட்டையில எந்த மவுத்தும் நுழையாது. ஓட்டையைத்தான் பெருசாக்கணும், இல்லன்னா உங்க டியூபையே ஒட்டணும்” என்றார்.

இரண்டு வழிகளும் அங்கேயே இருந்தன. பக்கத்து வெல்டிங் பட்டறையில் துளைப்பான் இருந்தது. துளையைப் பெரிதாக்கினால் கையிலிருந்த ஷ்ரேடர் டியூபே போதும். சைக்கிள்காரர் தயங்கினார். புது ரிம், திரும்பப் பெற முடியாத மாற்றம், பிசிறை அரத்தால் நீக்காமல் விட்டால் வால்வின் அடியை அறுத்துவிடும் என்ற அச்சம். அவர் தயங்கியது அந்த நேரத்துக்குச் சரியே. பட்டறைக்காரர் கையில் பிடித்தபடி துளையிட முன்வந்தார் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். எனவே ஒட்டுவது என்று முடிவாயிற்று.

பெரியவர் டியூபுக்குக் காற்றடிக்க முயன்றார். கடைப் பம்பின் கிளிப் பிரெஸ்டாவின் மெலிந்த தலையைக் கவ்வாமல் ஒவ்வொரு அடிக்கும் கழன்று வந்தது. எதிரே இருசக்கர வாகனப் பஞ்சர் கடையில் கம்ப்ரசர் இருந்தது, ஆனால் அதன் குழாய் ஷ்ரேடருக்கு மட்டுமே பொருந்தும். சட்டைப் பொத்தானளவு பித்தளை அடாப்டர் ஒன்று இருந்திருந்தால் அந்தக் கம்ப்ரசரே வேலையை முடித்திருக்கும், அது அவரிடம் இல்லை. கடைசியில் சைக்கிள்காரரின் கைப்பம்பாலேயே காற்றடித்து, இரும்புச் சட்டித் தண்ணீரில் டியூபைச் சுற்றிச் சுற்றி அமிழ்த்திப் பார்த்தார்கள். குமிழிகள் ஊசி நுனியளவு ஓர் இடத்திலிருந்து வரிசையாக வந்தன.

இதற்குப் பின் பெரியவர் செய்ததை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அன்றைய நாளின் முறையான வேலை அதுதான். ஓட்டை இருந்த இடத்தை நீலப் பென்சிலால் பெருக்கல் குறியிட்டு, துணியால் ஈரத்தைத் துடைத்து, தேய்ந்த அரத்தால் பளபளப்புப் போகும்வரை தேய்த்தார். ஒரு பழைய டியூபிலிருந்து துண்டு வெட்டி, அதன் நான்கு முனைகளையும் கத்தரியால் உருட்டி, அதையும் தேய்த்தார். தகர டப்பாவிலிருந்து சொல்யூஷனை விரலால் எடுத்து இரண்டிலும் மெல்லப் பரப்பிவிட்டு, ஒட்டாமல் வைத்துவிட்டார். அவசரத்தில் இருந்த சைக்கிள்காரர் எடுத்து ஒட்டப் போனபோது, “காயட்டும் தம்பி, ஈரத்துல ஒட்டுனா வழுக்கிட்டுப் போயிடும்” என்று தடுத்தார். சில நிமிடம் கழித்து விரல் முட்டியால் தொட்டுப் பார்த்து, பசை கையில் ஒட்டாத நிலையில் இரண்டையும் சேர்த்து, மரக்கட்டை மேல் வைத்துச் சுத்தியலின் பின்புறத்தால் தட்டினார்.

அதற்குப் பிறகு டியூபை உடனே போடவில்லை. பனியன் வேஸ்ட் துணியை ஒரு கைப்பிடி எடுத்து, டயரின் உட்புறத்தில் ஒரு சுற்று மெதுவாக இழுத்துக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் நூல் மாட்டிக்கொண்டு நீண்டது. அந்த இடத்தில் விரலால் தடவினால் ஒன்றும் தெரியவில்லை. டயரை உட்புறம் வெளிப்புறமாக மடக்கி, நகவெட்டியால் பிடித்து இழுத்தபோது, தலைமுடியைவிடச் சற்றே தடித்த, அரை விரலிடை நீளமுள்ள இரும்புக் கம்பித் துண்டு ஒன்று வந்தது. லாரிகளின் ரேடியல் டயருக்குள் பின்னப்பட்டிருக்கும் உருக்குக் கம்பி அது. டயர் வெடிக்கும்போதும் தேய்ந்து கழியும்போதும் இப்படிச் சிதறி நெடுஞ்சாலையின் ஓரத்தில் மண்ணோடு கிடக்கும். சைக்கிள் போவதும் அந்த ஓரத்தில்தான்.

காரணங்களைப் பிரித்துப் பார்த்தால்

சைக்கிள்காரர் தாமே சொன்ன காரணம், ‘தப்பான டியூப் எடுத்துக்கொண்டு போய்விட்டேன்’ என்பது. இந்தக் காரணம் போதாது என்பது என் கருத்து. அந்த டியூப் அவரது சைக்கிளுக்கு வாங்கப்பட்டது, வாங்கிய நாளில் இரண்டு சக்கரத்துக்கும் பொருந்தியது, நிகழ்வு நாளில்கூட முன்சக்கரத்துக்குப் பொருந்தியிருக்கும். மாறியது பின்சக்கரம். ரிம்மை மாற்றியவர் தம் கையிலுள்ள சக்கரத்தை மட்டும் பார்த்தார், ஏனெனில் அவரிடம் கொடுத்தனுப்பப்பட்டது சக்கரம் மட்டுமே. சீட்டுப் பை காவேரிப்பட்டணத்தில் வீட்டில் இருந்தது. வாங்கி வந்து பொருத்தியவர் சக்கரம் கோட்டமில்லாமல் சுற்றுகிறதா, பிரேக் பிடிக்கிறதா, கியர் விழுகிறதா என்று பார்த்தார். இந்தச் சோதனைகள் எதிலும் பையிலிருந்த டியூபுக்கு இடமில்லை. பின்சக்கரம் தான் தாங்கும் எடை அதிகம் என்பதால் முன்சக்கரத்தைக் காட்டிலும் அடிக்கடி பஞ்சராகும் என்பதையும் சேர்த்தால், அவர் சுமந்துகொண்டிருந்தது குறைவாகப் பஞ்சராகும் சக்கரத்துக்கான டியூப் என்றாகிறது.

அட்டைப்பெட்டியும் இதில் ஒரு பங்கு வகித்தது. அளவெண் பெரிதாகவும் வால்வு வகை சிறிதாகவும் அச்சிடப்படுவதே வழக்கம். ஏவி என்றால் ஷ்ரேடர், எஃப்வி என்றால் பிரெஸ்டா, டிவி என்றால் வூட்ஸ். எஸ்வி என்ற குறியை ஒரு நிறுவனம் பிரெஸ்டாவுக்கும் இன்னொரு நிறுவனம் ஷ்ரேடருக்கும் போடுவதால் அதை நம்பி வாங்கக் கூடாது. கடையிலேயே பெட்டியைத் திறந்து வால்வைக் கண்ணால் பார்ப்பது ஒன்றே வழி. முதல் நாளிலேயே பெட்டியைப் பிரித்து, டியூபை ஒரு பழைய சாக்ஸில் சுருட்டி வைப்பவர்களுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. பெட்டியின் முனையும் பையிலுள்ள ஸ்பேனரும் உரசி உரசி, பயன்படுத்தாத டியூபிலேயே ஓட்டை விழுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி, பலரும் ஒத்துக்கொள்ளத் தயங்கிய ஒரு முடிவு. அன்றைக்கு அவரிடம் சரியான பிரெஸ்டா டியூப் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? புளியமரத்து நிழலில் அவர் டயரின் உட்புறத்தைத் தடவிப் பார்க்கவில்லை என்று அவரே சொல்கிறார். கம்பி டயரிலேயே இருந்தது. விரலுக்குத் தட்டுப்படாத கம்பி அது என்பதால் தடவிப் பார்த்திருந்தாலும் அகப்பட்டிருக்குமா என்பது ஐயமே. புது டியூபைப் போட்டு, காற்றை ஏற்றி, நகரை நோக்கி ஓட்டியிருப்பார். அவதானப்பட்டி ஏரிக்கு எதிரே எங்கேயோ அதே கம்பி அதே இடத்தில் மறுபடி குத்தியிருக்கும். அப்போது கையில் டியூபும் இல்லை, சொல்யூஷனும் இல்லை. வால்வு பொருந்தாமல் போனதால்தான் பனியன் வேஸ்ட்டோடு ஒருவர் டயரைத் துழாவும் வாய்ப்பு வந்தது. ஆகவே இந்த நிகழ்வில் ‘பொருந்தாத உதிரி’ என்பது நின்றுபோனதற்கான காரணம் மட்டுமே, பஞ்சருக்கான காரணம் சாலையோரத்தில் தேடப்படவே இல்லை என்று பிரித்துச் சொல்வது சரியாக இருக்கும்.

தேடுவதற்கு எளிய முறை ஒன்று உண்டு. டயரை மாட்டும்போது அதன் பெயர் அச்சிட்ட இடம் வால்வுக்கு நேராக வருமாறு மாட்டிவிட்டால், டியூபில் ஓட்டை வால்விலிருந்து எத்தனை சாண் தள்ளியிருக்கிறதோ அத்தனை சாண் தள்ளி டயரில் பார்த்தால் போதும். கம்பியோ, சீமைக்கருவேல முள்ளோ, நெருஞ்சி முள்ளோ, குத்திய பொருள் அங்கேதான் இருக்கும். ஓட்டை டியூபின் உட்பக்கத்தில், ரிம்மை நோக்கி இருந்தால் ரிம் டேப்பைப் பார்க்க வேண்டும். அருகருகே இரண்டு ஓட்டைகள் கோடு போல இருந்தால் எதுவும் குத்தவில்லை, காற்றுக் குறைவாக இருந்து பள்ளத்தில் நசுங்கியது என்று பொருள். டியூபை உருவி எந்தப் பக்கம் எது என்று பாராமல் தரையில் போட்டுவிட்டால் இந்தச் செய்திகள் எல்லாம் போய்விடும்.

சாலையோரத்தில் வேறு வழியே இருக்கவில்லையா என்று சிலர் கேட்டார்கள். ஒன்று இருந்தது. ஓட்டையான இடத்தில் டியூபை வெட்டி, இரு முனைகளையும் இழுத்து முடிச்சிட்டு, காற்றடித்து மெதுவாக ஓட்டலாம். முடிச்சு இருக்கும் இடத்தில் சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் குதிக்கும், ஆனாலும் சில கிலோமீட்டர் போகும். டியூப் வீணாகும் என்பதால் இதைக் கடைசி வழியாகவே வைக்க வேண்டும். கைக்கு எட்டும் தூரத்தில் குட்டி யானையும் சைக்கிள் கடையும் இருந்த காலை நேரத்தில் அதற்குத் தேவை எழவில்லை. அதே பஞ்சர் இரவு 8 மணிக்குத் திரும்பும் வழியில் நேர்ந்திருந்தால், கடை பூட்டியிருக்கும், முடிச்சுதான் மிஞ்சியிருக்கும்.

பின்னர் செய்தவை

பழைய டியூப் துண்டால் போட்ட ஒட்டு அன்று மாலை வீடு திரும்பும்வரை தாங்கியது. இப்போதைய டியூப்கள் பெரும்பாலும் ப்யூட்டைல் ரப்பரால் ஆனவை. அவற்றின் மேல் இத்தகைய ஒட்டு நெடுநாள் நிற்பதில்லை என்பதால் அந்த டியூபை மாற்றிவிட்டோம்.

வால்வைப் பற்றித்தான் கருத்து வேறுபாடு எழுந்தது. பிரெஸ்டா டியூபை மாற்றாக வைத்துக்கொண்டால் போதும் என்பது ஒரு தரப்பு. மெலிந்த வால்வு பெரிய துளையிலும் நுழையும், ஒரு ரப்பர் வளையமோ வாஷரோ போட்டால் முன்சக்கரத்திலும் ஆடாமல் நிற்கும், ஆகவே ஒரே டியூப் இரண்டு சக்கரத்துக்கும் ஆகும். இந்த வாதம் சரியானதே. செலவும் குறைவு, ரிம்மிலும் கைவைக்க வேண்டியதில்லை. பெங்களூரிலோ சென்னையிலோ ஓட்டுபவருக்கு நானும் இதையே சொல்வேன்.

காவேரிப்பட்டணத்துக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் ஓட்டுபவருக்கு நான் சொன்னது வேறு. கையிலிருக்கும் ஒரே பிரெஸ்டா டியூபும் போய்விட்டால் அந்தச் சாலையில் எந்தக் கடையிலும் அடுத்த டியூப் கிடைக்காது. ஷ்ரேடர் துளை இருந்தால், மாற்று டியூபும் இல்லாத நிலையில்கூட, இத்தகைய கடைகளில் தொங்கும் 28×1½ வூட்ஸ் டியூபைப் போட்டுக்கொண்டு வீடு போய்ச் சேரலாம். பெட்ரோல் பங்கிலும் இருசக்கர வாகனப் பஞ்சர் கடையிலும் அடாப்டர் இல்லாமலே காற்றடிக்கலாம். அன்றைக்குப் பெரியவர் கொக்கியிலிருந்து எடுத்துவந்த டியூபே போதுமானதாக இருந்திருக்கும். தாம் போகும் வழியில் எது கிடைக்கிறதோ அதற்கேற்பச் சக்கரத்தை வைத்துக்கொள்வதே அவருக்கு நல்லது என்று தோன்றியது.

எனவே துளையைப் பெரிதாக்கினோம். இதை எல்லா ரிம்முக்கும் செய்யக் கூடாது. பந்தயச் சைக்கிளின் குறுகிய ரிம்மில் துளையைச் சுற்றி உலோகம் போதிய அளவு மிஞ்சாது, கார்பன் ரிம்மில் செய்யவே கூடாது. இந்த ரிம்மின் உள்ளகலம் 19 மில்லிமீட்டர், அலுமினியம். சக்கரத்தை மேசைத் துளைப்பானின் கீழ் அசையாமல் பிடித்து, படிப்படியாகப் பெரிய பிட்டுகளை மாற்றி 8.5 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்து, உருண்டை அரத்தால் இரு பக்கமும் பிசிறை நீக்கி, உப்புத்தாளால் தேய்த்து, புது ரிம் டேப் சுற்றினோம். ரிம்முக்கு உத்தரவாதம் இருந்திருந்தால் அது இத்துடன் போயிருக்கும் என்பதைச் செய்வதற்கு முன்பே அவரிடம் சொல்லிவிட்டோம்.

அலுமினியத் தூள் ஒட்டியிருந்த அதே ஷ்ரேடர் டியூபைப் பின்சக்கரத்தில் போட்டுவிட்டு, அதே வகையில் இன்னொன்று வாங்கி, பெட்டியைப் பிரித்து, முன்துளையிலும் பின்துளையிலும் நுழைத்துப் பார்த்த பிறகே பையில் வைத்தார். திறக்காத சொல்யூஷன் டியூப் இரண்டு சேர்த்துக்கொண்டார். அவற்றில் ஒன்றைத் திறந்தால் அன்றைக்கே மற்றொன்று வாங்க வேண்டும் என்பது ஏற்பாடு. பித்தளை அடாப்டரும் வாங்கி வைத்திருக்கிறார். அவருக்கு இனி அது தேவையில்லை, வழியில் பிரெஸ்டாவோடு யாராவது நின்றால் கொடுக்கலாம் என்கிறார். பையைத் திறந்து பார்க்கும் நாளாக ஆயுத பூஜையைச் சொன்னார். சைக்கிளைக் கழுவிச் சந்தனம் வைக்கும் நாள் என்பதால் மறக்காது என்பது அவர் கணக்கு. ஆண்டுக்கு ஒரு முறை போதாது, கோடை முடிந்ததும் ஒரு முறை சொல்யூஷனை அழுத்திப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். சக்கரத்தையோ டயரையோ வெளியே கொடுத்து மாற்றும்போது பையையும் கூடவே கொண்டுபோவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்.

கம்பிக்கு மட்டும் முழுத் தீர்வு கிடைக்கவில்லை. டயருக்குள் போடும் தடுப்புப் பட்டை ஒன்றைப் பார்த்தோம். எடை கூடும் என்பதோடு, அதன் முனையே நாளடைவில் டியூபை உரசி ஓட்டையாக்குவதும் உண்டு. டியூபுக்குள் சீலன்ட் (சிறு ஓட்டைகளைத் தானே அடைக்கும் திரவம்) ஊற்றுவதென்றால் வால்வின் உள்பின்னைக் கழற்ற வேண்டும், ஷ்ரேடரில் அது எளிது என்பதால் மழைக்காலம் முடிந்ததும் பின்சக்கரத்தில் மட்டும் போட்டுப் பார்க்க இருக்கிறார். அதுவரை அலுவலகத்தை அடைந்ததும் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, டயரில் மினுங்குவது ஏதேனும் இருந்தால் எடுத்துவிடுகிறார்.